ஒரே ஆல்பம், நான்கு குரல்: ஹேஸ் நகரில் ஒரு நாள்

ஹீத்ரோவில் இறங்கி, எலிசபெத் தடத்து இரயிலில் லண்டன் நகருக்குள் போகிறவர்கள் பலர் முதல் நிலையத்தைக் கவனிப்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் பறந்து வந்த களைப்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் ‘ஹேஸ் அண்ட் ஹார்லிங்டன்’ வந்து போய்விடும். லண்டன் பாலத்தையும் அரண்மனையையும் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே இறங்க ஒரு காரணமும் இல்லை.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் தாத்தா வீட்டு அலமாரியில் பழைய இசைத்தட்டு ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளில், குழாய் வைத்த கிராமஃபோன் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த நாய்ச் சின்னத்தை உலகமெங்கும் கொண்டு சேர்த்த நிறுவனத்தின் பெரிய ஆலை இந்த ஹேஸில்தான் இருந்தது. பத்து ஆண்டுகளாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பழைய பாடல்களை ஒலிபரப்பிப் பிழைப்பவள் நான். லண்டனில் கிடைத்த ஆறு நாள் விடுமுறையில் ஒரு நாளை இந்த ஊருக்கு ஒதுக்கினேன்.

இரயில் சத்தத்திலிருந்தே தொடங்கும் ஊர்

நிலையத்தில் இறங்கியதும் உடனே வெளியே போய்விடாமல் நடைமேடையில் கொஞ்ச நேரம் நின்றேன். 1935-இல் ஆலன் ப்ளூம்லைன் என்ற பொறியாளர் இதே நிலையத்து இரயில்களைப் படமெடுத்தார். ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். படத்தில் புதுமை ஒன்றும் இல்லை. புதுமை சத்தத்தில் இருந்தது. திரையில் இரயில் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அதன் சத்தமும் அந்தப் பக்கமே நகர்ந்தது. இன்று நாம் ‘ஸ்டீரியோ’ என்று சாதாரணமாகச் சொல்வதற்கு அவர் 1931-லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். அவர் கண்டுபிடித்தது வீடுகளுக்கு வந்து சேர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1942-இல், ராடார் கருவியைச் சோதிக்கப் பறந்த விமானம் விழுந்து இறந்துபோனார்.

நிலையத்திலிருந்து பிளைத் சாலைக்கு நடந்தே போய்விடலாம். வழியெங்கும் பஞ்சாபி மளிகைக் கடைகள், கோழி வறுவல் கடைகள், கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகள். நம் ஊர் கிள்ளான் தெருவில் நடப்பதுபோல் இருந்தது, குளிரைத் தவிர.

ஆலை இருந்த இடத்திற்கு இப்போது ‘ஓல்ட் வைனல் ஃபேக்டரி’ என்று பெயர். தட்டு எதுவும் தயாராவதில்லை. அடுக்குமாடி வீடுகளும் அலுவலகங்களும்தான். ஆனாலும் கட்டடங்களின் பெயர்கள் பழைய கதையைச் சொல்கின்றன. ஒன்று ‘ரெக்கார்டு ஸ்டோர்’, இன்னொன்று ‘ஷிப்பிங் பில்டிங்’, மற்றொன்று ‘பாய்லர் ஹவுஸ்’. வெள்ளைச் சுவர்களும் வரிசை வரிசையான பெரிய சன்னல்களுமாக நிற்கும் கட்டடத்துக்குக் கீழே ஓர் இளம் தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு காலத்தில் அந்த வாசல் வழியாகத்தான் உலகின் பாதிப் பாட்டுகள் பெட்டிகளில் வெளியேறின.

1907-இல் இந்த ஆலைக்கு அடிக்கல் நாட்டியவர் ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா. ‘பீச் மெல்பா’ என்ற இனிப்புக்குப் பெயர் தந்தவரும் இவர்தான். 1931-இல் கிராமஃபோன் நிறுவனமும் கொலம்பியா நிறுவனமும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆனது. அதே ஆண்டு நவம்பரில் லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடமும் திறக்கப்பட்டது. பாட்டு அபே ரோடில் பதிவாகும், ஹேஸில் தட்டாகும். இன்னொரு செய்தியைப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். மருத்துவமனையில் நாம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் கருவியும் ஹேஸில் இருந்த ஈ.எம்.ஐ. ஆய்வுக்கூடத்தில்தான் உருவானது. அதற்காக காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு 1979-இல் நோபல் பரிசு பெற்றார்.

நமக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு பழையது. இந்த ஆலை எழுவதற்கு முன்பே, 1902-இல், இதே நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தா சென்று கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பிறகு சியால்தாவிலும், அதன்பின் டம்டம்மிலும் நிறுவனம் ஆலை வைத்தது. அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டவை. மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குதான், இந்தியாவிலிருந்து கப்பலேறியது. மேல்நாடுகள் 78 சுற்றைக் கைவிட்ட பிறகும் டம்டம் ஆலை விடவில்லை. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளைக்கூட அங்கே 78 சுற்றுத் தட்டுகளாக அச்சிட்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். நம் பக்கத்திலோ, பி. ரம்லீயின் பாட்டுகள் வெளிவந்த ‘பார்லோஃபோன்’ முத்திரையும் பீட்டில்ஸின் ‘பார்லோஃபோன்’ முத்திரையும் ஒன்றே.

ஒரு தொலைபேசி அழைப்பு

இவ்வளவு தூரம் வந்ததற்குப் பின்னால் ஒரு நேயர் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் ஞாயிறு காலை நிகழ்ச்சியில், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த ஒரு பாடலை ஒலிபரப்பினேன். கணினியில் இருந்த கோப்பு. ‘புதுப்பிக்கப்பட்ட ஒலி’ என்று குறிப்பும் இருந்தது. பாட்டு முடிவதற்குள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார்.

“பாட்டு அதேதாம்மா. ஆனா நான் கேட்ட பாட்டு இது இல்ல.”

“வேற யாராவது பாடினதாங்க ஐயா?”

“பாடினவரு அவருதான். நான் கேட்டப்போ அவரு பக்கத்துல நின்னு பாடுவாரு. இப்ப எங்கேயோ கிணத்துக்குள்ள நின்னு பாடுறாரு.”

கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். வயதானால் காது அப்படித்தான், சின்ன வயது நினைவு எதையும் இனிப்பாக்கிவிடும் என்றார் ஒருவர். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு பாட்டு முதலில் தட்டாக வந்தபோது இருந்த ஒலியும், அதே பாட்டு பல ஆண்டுகள் கழித்து மறுவெளியீடாக வரும்போது இருக்கும் ஒலியும் உண்மையிலேயே வேறா? வேறு என்றால் எந்த இடத்தில் மாறுகிறது? ஒவ்வொரு படிக்கும் ஆவணம் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் தட்டுகளை வைத்துத்தான் இதற்குத் தெளிவான விடை காண முடியும். அதனால்தான் ஹேஸ்.

முறுக்கு அச்சும் இசைத்தட்டும்

தட்டு உருவாகும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடத்தில் பதிவான பாட்டு காந்த நாடாவில் இருக்கும். அதுதான் மூல நாடா. அந்த நாடாவை ஓட்டி, மென்மையான பூச்சுப் பூசிய ஒரு தட்டில் கூரிய முனையால் பள்ளம் வெட்டுவார்கள். வெட்டிய தட்டின்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் பூசிப் பிரித்தெடுத்தால் எதிர்ப்பிரதி கிடைக்கும். அதிலிருந்து ‘தாய்’ என்ற நேர்ப்பிரதி, தாயிலிருந்து மீண்டும் ‘அச்சு’ என்ற எதிர்ப்பிரதி. அந்த அச்சுக்கு நடுவில் சூடான வைனலை வைத்து அழுத்தினால் தட்டு.

முறுக்கு பிழிகிற அச்சு மாதிரிதான். மாவு ஒன்றே ஆனாலும், பிழிகிறவர் கை மாறினால் முறுக்கு மாறும். அச்சு தேய்ந்தால் முள் மழுங்கும்.

இதில் பலர் அறியாத படி, வெட்டுதல். நாடாவில் இருப்பதை அப்படியே தட்டில் இறக்க முடியாது. கீழ்ச்சுருதி ஓசை அதிகமானால் பள்ளம் அகலமாகும். தட்டில் இடம் போதாது, மலிவான இயந்திரங்களில் ஊசி எகிறும். அதனால் வெட்டும்போது கீழ்ச்சுருதியைக் குறைத்து மேல்சுருதியைக் கூட்டுவார்கள். வீட்டுக் கருவி அதைத் திருப்பிச் சரிசெய்யும். அதற்குமேல் எவ்வளவு சத்தமாக வெட்டுவது, எங்கே அடக்குவது என்பதெல்லாம் வெட்டும் பொறியாளரின் காதையும் துணிச்சலையும் பொறுத்தது. ஒரே நாடாவை இரண்டு பேர் வெட்டினால் இரண்டு தட்டுகள்தான் கிடைக்கும்.

இதற்கு நல்ல சான்று, பீட்டில்ஸ் குழு 1965 டிசம்பரில் வெளியிட்ட ‘ரப்பர் சோல்’. ஜார்ஜ் ஹாரிசன் சித்தார் வாசித்த பாட்டு இதில்தான் இருக்கிறது. அதன் மோனோ தட்டை முதலில் வெட்டியபோது மிகவும் சத்தமாக வெட்டிவிட்டார்கள். ஊசி எகிறும் என்ற கவலையில் அந்த வெட்டை விரைவிலேயே விலக்கிக்கொண்டு, அடக்கமாக மீண்டும் வெட்டினார்கள். விலகுவதற்குள் கடைக்குப் போன தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் ‘லவுட் கட்’ என்று அழைக்கிறார்கள். இன்று சில நூறு பவுண்டு கொடுத்து வாங்குகிறார்கள்.

உறையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடைசிப் பாட்டுக்கும் நடுத் தாளுக்கும் இடையே உள்ள வெறும் வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடிகாரத்தின் ஆறு மணி இருக்கும் இடத்தில் வெட்டு எண்: 579-1 என்று முடிந்தால் முதல் வெட்டு, 579-4 என்றால் நான்காவது. ஒன்பது மணி இடத்தில் எத்தனையாவது தாய் என்ற எண். மூன்று மணி இடத்தில் எத்தனையாவது அச்சு என்பது, எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கும். நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து இலக்கங்களுக்குப் பதிலாக வைத்தார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. ஹேஸ் தொழிலாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குறிப்பு அது. இப்போது உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் கண்ணாடி வைத்துப் படிக்கிறார்கள்.

ஹாரோவில் ஒரு மாலை

படித்துத் தெரிந்துகொண்டது போதுமா? காதால் கேட்க வேண்டாமா? ஹேஸ் நிலையத்திலிருந்து 140-ஆம் எண் பேருந்தில் ஏறினால் ஹாரோ போகலாம். அங்கே என்னுடன் பல்கலைக்கழகத்தில் படித்த தோழி இருக்கிறாள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மாமனார் எண்பதுகளில் லண்டனுக்கு வந்தவர். அஞ்சல் துறையில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய தட்டுகள் ஒரு சுவரை மறைக்கின்றன. அதில் ‘ரப்பர் சோல்’ மட்டும் நான்கு.

“லவுட் கட் என்னட்டை இல்லைப் பிள்ளை. அதை வாங்கிறதெண்டா வீட்டை விக்கோணும்,” என்று சிரித்தார் அங்கிள்.

நான்கையும் விரித்து வைத்தார். ஒன்று, 1965-ஆம் ஆண்டின் மோனோ; நான்காவது வெட்டு. இரண்டு, அதே காலத்து ஸ்டீரியோ. மூன்று, 2012-இல் வந்த ஸ்டீரியோ மறுவெளியீடு. நான்கு, 2014-இல் வந்த மோனோ மறுவெளியீடு.

கேட்பதற்கு முன் அவர் இரண்டு விதிகள் போட்டார். நான் திரும்பி உட்கார வேண்டும். எந்தத் தட்டு ஓடுகிறது என்று பார்க்கக் கூடாது. ஒவ்வொன்றின் ஒலியளவையும் கைப்பேசிச் செயலியில் அளந்து சமமாக்குவார். “சத்தம் கூடினது எதுவோ அதைத்தான் காது நல்லதெண்டு சொல்லும். காதை நம்பக்கூடாது,” என்றார். வானொலிக்காரியாகிய எனக்கு இது தெரியும். ஆனால் வீட்டில் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் ஓடியதைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினேன். குரல்கள் எல்லாம் வலப்பக்க ஒலிபெருக்கியில், வாத்தியங்கள் பெரும்பாலும் இடப்பக்கத்தில். நடுவில் ஆளே இல்லாத மேடை மாதிரி. அதுதான் 1965 ஸ்டீரியோ. அந்தக் காலத்தில் இங்கிலாந்து இளைஞர்கள் மோனோதான் கேட்டார்கள். கூடத்தில் கவனம் முழுவதும் மோனோவுக்கே போனது. ஸ்டீரியோவை அவசரமாக முடித்தார்கள்.

அடுத்ததில் குரல்கள் நடுவை நோக்கி நகர்ந்திருந்தன. கேட்க வசதியாக இருந்தது, ஆனால் ஏதோ மெருகு போட்ட மாதிரி. 2012 மறுவெளியீடு. இதில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1987-இல் குறுந்தட்டு வெளிவந்தபோது இந்த ஆல்பத்தை மீண்டும் கலந்தார். 2012-இல் தட்டாக வந்தது 1965-ஆம் ஆண்டின் கலவை அல்ல, அந்தப் புதிய கலவைதான். அதுவும் கணினிக் கோப்பிலிருந்து வெட்டியது. உறையில் அதே நான்கு முகங்கள், அதே எழுத்து. வாங்குகிறவர் தாத்தா கேட்டதையே கேட்பதாக நினைத்துக்கொள்வார்.

மூன்றாவதாக ஓடியபோது சித்தார் கம்பி அறையின் நடுவில் அதிர்ந்தது. குரல் எதிரே நின்றது. பாட்டுக்குள் மெல்லிய ‘சொர சொர’ சத்தம் இருந்தது. பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’கரம் வரும் இடங்களில் கொஞ்சம் பிசிறு. நான்காவதும் அதே நிற்பு, அதே நெருக்கம். ஆனால் பின்னணி அமைதியாக, கடைசிப் பாட்டு வரை சுத்தமாக இருந்தது. மூன்றாவது அறுபது ஆண்டு பழைய தட்டு. நான்காவது 2014 மோனோ.

“எது பிடிச்சது?” என்றார் அங்கிள்.

குரலுக்கு மூன்றாவது, மற்ற எல்லாவற்றுக்கும் நான்காவது என்றேன். அவர் தலையாட்டினார். 2014 மோனோவைக் கணினியைத் தொடாமல், அபே ரோடில் மூல நாடாக்களிலிருந்தே நேராக வெட்டினார்கள். பொறியாளர் ஷான் மேகி பழைய முதற்பதிப்புகளை அருகில் வைத்துக் கேட்டும், அறுபதுகளில் வெட்டியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தும் வேலை செய்தார். மறுவெளியீடுதான், ஆனால் மூலத்திடம் திரும்பிப் போன மறுவெளியீடு.

அன்று கேட்டதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். 1965 மோனோவுக்கும் 2014 மோனோவுக்கும் இடையே ஐம்பது ஆண்டு; இருந்தும் இரண்டும் உடன்பிறந்தவை. 1965 மோனோவும் 1965 ஸ்டீரியோவும் ஒரே மாதத்துக் குழந்தைகள். இருந்தும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாது. ஆண்டைப் பார்த்து ஒலியைச் சொல்லிவிட முடியாது.

இன்னும் வேடிக்கையான உதாரணங்கள் இதே குழுவிடம் உண்டு. 1967-இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ தொகுப்பின் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டு ஸ்டீரியோவைவிட மோனோவில் வேகமாகவும் சுருதி கூடுதலாகவும் ஓடும். கலக்கும்போது நாடா ஓடிய வேகமே வேறு. ஒன்றைக் கேட்டு வளர்ந்தவர் மற்றதைக் கேட்டால், “இது நான் கேட்ட பாட்டு இல்லை” என்பார். அவருடைய காதில் குறை ஒன்றும் இருக்காது.

பழசெல்லாம் பொன்னா?

பழைய தட்டு என்றாலே உயர்வு என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் எதிர்ப்பக்கம் உண்டு. நூறு முறை மழுங்கிய ஊசியில் ஓடிய முதற்பதிப்பின் பள்ளம் தேய்ந்திருக்கும். அதிலும் தட்டின் உட்பக்கம் இன்னும் பாவம். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். கடைசிப் பாட்டில் 21 சென்டிமீட்டர்தான். அதே ஓசையைக் குறுகிய இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், பிசிறு முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

புதிய தட்டுகளில் பெரிதாக அச்சிடும் ‘180 கிராம்’ என்ற எடையும் ஒலிக்கு உத்தரவாதம் தராது. கனமான தட்டு எளிதில் வளையாது. கையில் எடுத்தால் பெருமையாகவும் இருக்கும். பள்ளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எடை மாற்றாது.

கணினி வழியாக வந்தது என்றாலே ஒலி கெட்டுவிடும் என்பதும் சரியில்லை. 2022-இல் அமெரிக்காவின் ‘மொபைல் ஃபிடெலிட்டி’ நிறுவனத்தைப் பற்றி ஓர் உண்மை வெளிவந்தது. அசல் நாடாவிலிருந்து வருவதாக இரசிகர்கள் நம்பி, அதிக விலை கொடுத்து வாங்கிய அதன் மறுவெளியீடுகள் பலவற்றில், இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது. வழக்கு நடந்தது. இந்தச் செய்தியில் எனக்குப் பட்டது இரண்டு. மறைத்தது தவறு. அதே நேரத்தில், ‘டிஜிட்டல் என்றால் ஒரு நொடியில் கண்டுபிடிப்பேன்’ என்று சொன்ன காதுகள் பல ஆண்டுகள் அந்தத் தட்டுகளைப் புகழ்ந்துகொண்டிருந்தன. கெடுப்பது பெரும்பாலும் கருவி இல்லை. அதைக் கையாளும் கை. எல்லா ஓசையையும் ஒரே உயரத்துக்கு நெருக்கிச் சத்தமாக்குவது, இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மூச்சையும் சேர்த்து நீக்குவது, ஒற்றைத் தட ஒலியைச் செயற்கையாக இரண்டாகப் பிரித்து எதிரொலி சேர்த்து ‘ஸ்டீரியோ’ என்று விற்பது. கடைசியில் சொன்ன வித்தையை அறுபதுகளில் அமெரிக்காவின் கேப்பிட்டல் நிறுவனம் பீட்டில்ஸ் பாட்டுகளுக்கே செய்தது.

அந்த இடத்தில் எனக்கு சுங்கை சிப்புட் ஐயாவின் கிணறு நினைவுக்கு வந்தது.

நாடா இல்லாத வீட்டில்

பீட்டில்ஸின் அதிர்ஷ்டம், நாடாக்கள் பத்திரமாக இருந்தது. எத்தனை மறுவெளியீடு சரியில்லாமல் போனாலும், ஒருநாள் யாராவது மூலத்திடம் திரும்பிப் போக முடிந்தது. எல்லாருக்கும் அந்த வசதி இல்லை. 2008-இல் ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீயில் மூல நாடாக்கள் எரிந்தன. இழப்பு எவ்வளவு பெரியது என்று 2019-இல்தான் வெளியே பேசப்பட்டது. நாடா போய்விட்டால், உலகத்தில் மிஞ்சும் மிகப் பழைய சாட்சி யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும் தட்டுதான்.

ஊர் திரும்பியதும், இரவல் வாங்கிய ஒரு தட்டு இயந்திரத்தைக் காரில் வைத்துக்கொண்டு சுங்கை சிப்புட் போனேன். ஐயா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். துணியில் சுற்றிய, கையகல 45 சுற்றுத் தட்டு. நாய்ச் சின்னம் பாதி அழிந்திருந்தது. தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தீபாவளிக்கு ஈப்போவில் வாங்கியதாம். இயந்திரம் கெட்டுப்போனபின் பல ஆண்டுகளாக யாரும் அதை ஓட்டவில்லை. “வீட்டுக்காரம்மா இருந்தவரைக்கும், வாயாலயே பாடிக்குவோம்,” என்றார்.

மென்மையான தூரிகையால் துடைத்து ஓட்டினேன். கீறல்கள் பொரிந்தன. அந்தப் பொரிச்சலுக்கு நடுவில் குரல் நேரே வந்து நின்றது. எதிரொலி இல்லை. பிறகு கைப்பேசியில் நான் ஒலிபரப்பிய கோப்பைப் போட்டேன். தட்டில் இல்லாத எதிரொலி இதில் இருந்தது. குரல் இரண்டு பக்கமும் பரவி மெலிந்திருந்தது. கிணறு இருந்தது உண்மை.

“இதுதானுங்களா ஐயா?”

கண்ணை மூடிக் கேட்டவர் உடனே பதில் சொல்லவில்லை. “கிட்ட வந்துட்டம்மா. அப்ப எங்க கிட்ட இருந்தது பெரிய மரப்பெட்டி. வால்வு போட்டது. அடிவயித்துல இருந்து கேக்கும்.”

அவர் சொன்னது சரி. தட்டு பாதிதான், மீதி அந்த மரப்பெட்டி, அந்தத் தோட்டத்து வீடு, கூடப் பாடியவர். அவற்றை எந்த நிறுவனமும் மறுவெளியீடு செய்ய முடியாது. ஆனால் முதல் பாதியைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. அந்தத் தட்டைப் பதிவு செய்து ஒரு பிரதியை அவருடைய பேத்தியின் கைப்பேசிக்கு அனுப்பினேன். இன்னொரு பிரதியை நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். கீறல் சத்தத்தோடு ஒலிபரப்பலாமா என்று கூட்டத்தில் விவாதம் நடந்தது. ஒரு வரி அறிவிப்போடு ஒலிபரப்பலாம் என்றேன் நான், அப்படியே முடிவானது.

இப்போது இந்தியாவிலும் பழைய படப்பாடல்கள் மீண்டும் தட்டுகளாக வரத் தொடங்கியிருக்கின்றன. நம் இளைஞர்களும் ஆசையாக வாங்குகிறார்கள். வாங்குங்கள். ஆனால் ஒரு கேள்வியோடு வாங்குங்கள்: இது எதிலிருந்து வெட்டியது? நாடாவிலிருந்தா, பழைய தட்டிலிருந்தா, குறுந்தட்டுக் கோப்பிலிருந்தா? உறையில் அந்தத் தகவல் இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள், நிறுவனத்துக்கு எழுதுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் உறையில் எழுதத் தொடங்குவார்கள்.

போகிறவர்களுக்கும், வீட்டில் தட்டு வைத்திருப்பவர்களுக்கும்

ஹேஸ் போக: ஹீத்ரோ இரண்டாம், மூன்றாம் முனையத்திலிருந்து எலிசபெத் தடத்தில் அடுத்த நிலையம். லண்டன் பேடிங்டனிலிருந்தும் அதே தடத்தில் வரலாம். பிளைத் சாலையில் ஒரு மணி நேரம் சுற்றினால் போதும். அருங்காட்சியகம் போல் எதிர்பார்க்காதீர்கள், குடியிருப்புப் பகுதி. மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து ஊரான சவுத்தால் போய்விடுங்கள்; வயிறு வாழ்த்தும்.

வீட்டில் பழைய தட்டு இருந்தால்: படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். காரில் விட்டுவிடாதீர்கள், நம் ஊர் வெயிலில் ஒரே மதியத்தில் அப்பளமாகிவிடும். வைனல் தட்டைத் துடைக்கலாம்; ஆனால் 78 சுற்று அரக்குத் தட்டில் ஆல்கஹால் கலந்த எதையும் தொடவிடாதீர்கள், அரக்கு கரையும். மலிவான பெட்டி இயந்திரத்தில் தேய்ந்த ஊசியோடு ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் ஊசியை மாற்றுங்கள். ஓட்டும்போது பதிவும் செய்துவிடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டமும் கொஞ்சம் தேய்மானம்.

வீட்டைக் காலி செய்யும்போது, “இதெல்லாம் இப்ப யாரு கேக்குறா?” என்று பழைய பேப்பர்காரரிடம் கட்டிக் கொடுக்குமுன், அந்த வெறும் வளையத்தை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் எண்களைக் குறித்து வையுங்கள். பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இதை எங்கே வாங்கினீர்கள், எந்தப் பெட்டியில் கேட்டீர்கள் என்று கேட்டு, அதையும் எழுதி உறைக்குள் போட்டுவிடுங்கள்.